ஆமாங்க என்று சொன்னவன்

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேரைச் சொன்னால் தெரியாது, அதனால் பேரைச் சொல்லப்போவதில்லை. கல்யாண வீட்டுக் காட்சியில் இரண்டாவது வரிசையில் துண்டை உதறித் தோளில் போடுகிற மாமன். பஞ்சாயத்தில் "அதுவுஞ் செரிதானுங்க" என்று தலையாட்டுகிற பெரியவர். கதாநாயகி மயங்கி விழுந்தால் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வெளியே வருகிற டாக்டர். முப்பது வருஷம் சினிமாவிலும் டிவியிலும் இப்படித்தான் வந்து போனான். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

நான் மூணாங் கிளாஸ் வரைக்கும் படித்தவன். சிங்காநல்லூரில் ஒரு நூல் மில்லில் கழிவுப் பஞ்சு அள்ளிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எனக்கு சிங்காநல்லூரில் ஒரு பவுண்டரி, பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பவுண்டரி. என் பம்பு செட்டு இறங்காத கிணறு இந்தச் சீமையில் குறைவு. எவனும் என்னைத் தூக்கிவிடவில்லை. இஞ்சினியருக்குப் படித்தவர்கள் என் முன்னால் கை கட்டி நின்று வார்ப்பில் ஏன் ஓட்டை விழுகிறது என்று கேட்டிருக்கிறார்கள். உருகின இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூடு என்னவென்று சொல்லிவிடுவேன். இதை எழுத மட்டும் எனக்குக் கை வரவில்லை. பேரனிடம் சொன்னால் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில் தட்டித் தந்துவிடுவான். ஆனால் இது இன்னொருத்தர் காது வழியாகப் போக வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அவனும் நானும் மில்லில் ஒரே ஷிப்ட். மில் ஆண்டு விழாவில் நாடகம் போட்டபோது பொம்பளை வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. மேஸ்திரி இவனைப் பார்த்து, "நீ கட்டறயா சேலை?" என்றார். "ஆமாங்க" என்றான். அங்கே ஆரம்பித்தது. அந்த ஒரு வார்த்தையைத்தான் அவன் வாழ்நாள் பூராவும் சொன்னான். இல்லை என்று சொல்ல அவன் நாக்குக்கு வராது.

அவன் முகம் ஒரு மாதிரியான முகம். எல்லாருக்கும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். நடிக்கப் போனபிறகு அது இன்னும் அதிகமாகிவிட்டது. டிவியில் பார்த்தோம் என்று யாருக்கும் தோன்றாது. சொந்தத்தில் பார்த்தோம் என்றுதான் நினைப்பார்கள். ஒரு நாள் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நானும் அவனும் நிற்கிறோம். வேட்டி சட்டையோடு ஒருத்தர் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, நீங்க அன்னூர் பொன்னுச்சாமியண்ணன் மச்சாந்தானுங்க?"

நான் சிரிக்கத் தயாரானேன். இவன் துளி யோசிக்கவில்லை.

"ஆமாங்க."

"பாத்து எத்தன நாளாச்சுங்க. ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா?"

"சௌக்கியமுங்க. உங்களுக்குக் கால் வலி தேவலைங்களா?"

அவருக்குக் கால் வலி என்று இவனுக்கு யார் சொன்னது? அறுபது தாண்டிய ஆளுக்குக் கால் வலி இல்லாமல் போகுமா என்ற கணக்குத்தான். அந்த மனுசனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இத்தன நெனப்பு வச்சிருக்கீங்களே" என்று எங்களை விடாமல் காரமடையில் ஒரு கல்யாணத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே இவனை ஒறம்பரைக்காரர்கள், அதாவது நெருங்கின சொந்தக்காரர்கள் வரிசையில் உட்கார வைத்தார்கள். பொண்ணுக்கு இவன் ஆசீர்வாதம் பண்ணின அழகைப் பார்க்கவேண்டும். பெத்த தகப்பன்கூட அப்படித் தலையைத் தொட்டிருக்க மாட்டான். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஏண்டா, இப்பிடியாடா புளுகுவே?"

"இல்லீன்னா அவரு மொகம் வாடிப்போயிருமுங்க. ஒரு நாளைக்கு மச்சானா இருந்துட்டுப் போறதுல நமக்கென்னங்க கொறச்சலு?"

பாருங்கள், நான் 'டா' போடுகிறேன், அவன் 'ங்க' போடுகிறான். மில்லில் இருந்தபோது அவனும் என்னை 'டா' என்றுதான் கூப்பிட்டான். நான் சொந்தமாக உலை வைத்தபிறகு எந்த நாளில் 'ங்க'வுக்கு மாறினான் என்று எனக்கு நினைவில்லை. மாறினது எனக்குப் பிடித்திருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

டைரக்டர்களுக்கு அவனைப் பிடிக்கும். எதைக் கேட்டாலும் ஆமாங்க. சத்தியமங்கலத்துக் காட்டோரம் ஒரு படப்பிடிப்பு. "குதிரை ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். இவன் அதுவரைக்கும் ஓட்டின மிருகம் செக்கு மாடு ஒன்றுதான். "ஆமாங்க" என்று ஏறினான். மூன்றாவது தடவை ஓடும்போது குதிரை கவிழ்த்துவிட்டது. தோள்பட்டை எலும்பு விட்டுப்போச்சு. "வலிக்குதா?" என்றார்கள். "இல்லீங்களே" என்று அடுத்த ஷாட்டுக்கு ஏறியிருக்கிறான். இல்லை என்று அவன் வாயில் வந்தது அவன் வலியைப் பற்றிக் கேட்டபோது மட்டும்தான்.

பிணமாக நடிக்க நிறையப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இவன் ஒத்துக்கொள்வான். சினிமாக்காரர்களுக்கு அதில் ஒரு வழக்கம் உண்டு. பாடையில் படுத்து நடித்தவனை எழுப்பி உட்கார வைத்து, காமிராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வைத்து எடுத்துவிடுவார்கள். தோஷம் கழிந்துவிடுமாம். ஒரு தடவை மழை வந்து எல்லாரும் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். இவனைச் சிரிக்கச் சொல்ல ஆள் இல்லை. போய்க் கேட்கவும் கூச்சம். "அப்பறம் என்னடா பண்ணுனே?" என்றேன். "ஊட்டுக்குப் போயி கண்ணாடி முன்னால நின்னு நானே சிரிச்சுப்போட்டனுங்க" என்றான்.

குரலிலும் அவனுக்குப் பிழைப்பு உண்டு. சென்னைக்கு ரயிலேறிப் போய் மற்றவர்களுக்கு டப்பிங் பேசிவிட்டு வருவான். ஒரு படத்தில் ஆறு காட்சி பண்ணையாராக நடித்தான். குரல் ரொம்ப மெத்தென்று இருக்கிறது என்று வேறொருத்தரை வைத்துப் பேச வைத்துவிட்டார்கள். அதே மாசம் இவன் குரலை எடுத்து இன்னொரு படத்தில் வேறு ஒரு நடிகருக்குப் போட்டார்கள். "என்ற மொகம் ஒருத்தருக்கு, என்ற கொரலு ஒருத்தருக்குங்க. நான் இப்ப ஊட்டுல சும்மா இருக்கறனுங்க" என்று சொல்லிச் சிரித்தான். என் பம்பு செட்டுக்கும் அவன்தான் பேசினான். அவன் குரலை ஆட்டோவில் கட்டிச் சந்தை சந்தையாகச் சுற்றவிட்டேன். அந்த வருஷம் எனக்கு வியாபாரம் ஓடின ஓட்டத்தை இந்த ஊரே பார்த்தது. அவனை முதலில் மைக்குக்கு முன்னால் நிறுத்தினவன் நான்தான் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை. அதற்கு முன்னாலேயே அவன் ரேடியோவில் பேசியிருக்கிறான்.

கடைசியில் ஒரு தொடரில் டாக்டர் வேஷம் கிடைத்தது. தினமும் மத்தியானம் வரும், சாயங்காலம் மறுபடியும் போடுவார்கள். அந்த வேஷத்துக்காக அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு டாக்டரிடம் போய் நாலு நாள் வெறுமனே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தான். கையை எப்படிப் பிடிக்கிறார், கடிகாரத்தை எப்படித் திருப்பிப் பார்க்கிறார், கெட்ட சேதி சொல்லும் முன்னால் கண்ணாடியை எப்படிக் கழற்றுகிறார் என்று. வந்து என் கையைப் பிடித்துப் பழகினான். மூன்று விரலை வைத்து, கண்ணைப் பாதி மூடி, "ஒண்ணுமில்லீங்க, பயப்படாதீங்க" என்பான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூன்று விரல் பட்டால் உடம்பில் இருக்கிற நோவு போய்விட்ட மாதிரித்தான் இருக்கும். நான் பார்த்த நிஜ டாக்டர்கள் ஒருத்தர்கூட என்னை அப்படித் தொட்டதில்லை.

அப்புறம் என்ன, பேக்கரியில் டீ குடிக்கப் போனால் மருந்துச் சீட்டை நீட்டுவார்கள். அதை வாங்கி ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எழுதிக் குடுத்ததையே சாப்புடுங்க, நடுவுல நிறுத்தீராதீங்க" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். அவனுக்கு ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டைத் தாண்ட வைத்தவன் நான்.

சிங்காநல்லூர் பவுண்டரியில் மாரப்பன் என்று ஒரு ஆள். உருகின இரும்பை வாளியில் ஏந்திக்கொண்டு போய் மண் அச்சுக்குள் ஊற்றுவது அவன் வேலை. அது எல்லாருக்கும் வராது. கை நடுங்கினால் வார்ப்பு போச்சு, கால் இடறினால் ஆளே போச்சு. இருபது வருஷமாக ஒரு சொட்டுச் சிந்தாதவன். அவன் பெண்சாதி ராசாமணி அங்கேயே மண் சலிக்கிற வேலை. அன்றைக்கு உலை மூட்டியாகிவிட்டது. மூட்டின உலையை நிறுத்த முடியாது. நிறுத்தினால் உள்ளேயே இரும்பு உறைந்து உலையே பாழாகிவிடும். மாரப்பன் போய் மண் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. உலைக்குப் பக்கத்தில் யாருக்குத்தான் வேர்க்காது என்று நான் நினைத்தேன்.

ராசாமணி ஆட்டோ கூப்பிட்டுக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டாள்.

"மொதலாளி, இவருக்கு நெஞ்சு அடைக்குதாமுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தர்றனுங்க."

அந்த நேரம் பார்த்து இவன் உள்ளே வந்தான். பொள்ளாச்சியில் படப்பிடிப்பு முடிந்து, என்னோடு சேர்ந்து சாப்பிடலாம் என்று வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கறுப்புப் பை. எனக்கு அது விளையாட்டாகத் தோன்றியது. விளையாட்டு மட்டும் இல்லை. ஆளை விட்டுவிட்டால் உலையில் இருக்கிறதை யார் ஊற்றுவது என்ற நினைப்பும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால், எனக்கு இன்றைக்குத் தெரியும்.

"எதுக்கு அம்மணி ஆஸ்பத்திரி? டாக்டரே இங்க வந்துட்டாரு பாரு" என்றேன்.

அவள் இவனை உற்றுப் பார்த்தாள். "ஆமாங்க. இவரை ஆஸ்பத்திரில பாத்திருக்கறனுங்க. எங்க மாமியாரைச் சேத்திருந்தப்ப. டாக்டருங்கதான?"

இவன் என்னைப் பார்த்தான். நான் கண்ணைச் சிமிட்டினேன். முதல் தடவையாக அவன் தயங்கி நான் பார்த்தேன். நான் அவன் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினேன்.

"ஆமாங்க" என்றான்.

குனிந்து மாரப்பன் கையைப் பிடித்தான். மூன்று விரல். கடிகாரத்தைத் திருப்பினான். கண்ணைப் பாதி மூடினான். "வாயுப் பிடிப்பாட்டந்தான் இருக்குதுங்க. சுடுதண்ணி குடிச்சுட்டுச் சித்த நேரம் உக்காருங்க. பயப்படாதீங்க" என்றான். சொல்லிவிட்டு என்னிடம் திரும்பி, "எதுக்கும் ஒரு தடவை ஆஸ்பத்திரில காட்டீருங்களேன்" என்று மெதுவாகச் சொன்னான். அது எனக்குக் கேட்டது. ராசாமணிக்குக் கேட்கவில்லை.

மாரப்பன் வெந்நீர் குடித்தான். கால் மணி நேரத்தில், "இப்பத் தேவலைங்க டாக்டர்" என்று எழுந்து நின்றான். சும்மா சொல்லவில்லை, முகம் தெளிந்துதான் இருந்தது. அந்தக் கை அப்படி. ராசாமணி புருசனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வாசல் பக்கம் கையை ஆட்டி ஆட்டோவைப் போகச் சொன்னேன். அவளும் சரி என்று தலையை ஆட்டினாள்.

இரண்டரை மணி நேரம் கழித்து, இரும்பெல்லாம் ஊற்றி முடித்து, காலி வாளியைக் கீழே வைக்கும்போது மாரப்பன் விழுந்தான். அன்றைக்கும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். என் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் பார்த்துவிட்டு, "மத்தியானமே கொண்டுவந்திருந்தால் ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்றார். ராசாமணி, "டாக்டரு பாத்தாருங்களே" என்று சொன்னாள். அவர் அதற்குள் திரும்பிப் போய்விட்டார்.

அவள் போய் அந்தக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் தலைக்கு மேலே சுவரில் ஒரு டிவி. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதில் இவன் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு யாரோ ஒரு பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இவனை எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவனும் நிமிர்ந்து அதைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே சுவரோரம் குந்திவிட்டான்.

மாரப்பன் குடும்பத்துக்குச் செய்யவேண்டியதை நான் செய்தேன். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அவன் மகள் படிப்பு முழுக்க என் பொறுப்பு. அப்போது அந்தப் பிள்ளை ஒண்ணாங் கிளாஸ்.

ஒரு வாரம் கழித்து இவன் என் ஆபீசுக்கு வந்தான்.

"நான் டாக்டரில்லீன்னு அந்தம்மணிகிட்டச் சொல்லோணுமுங்க. தனியாப் போயிச் சொன்னனுங்க. நம்ப மாட்டேங்குது. நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

"இப்பப் போயி அதச் சொன்னா கேசு கீசுன்னு ஆயிரும். சித்தே பொறு" என்றேன்.

அவன் பொறுக்கவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போனான். சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் ஒரு லைன் வீடு. போய் வந்து என்னிடம் சொல்வான். ராசாமணி பாய் விரித்து உட்கார வைப்பாளாம். டீ வைத்துத் தருவாளாம். பிள்ளைக்குக் காய்ச்சல் மாத்திரையை எடுத்து வந்து, "இது சோத்துக்கு முன்னாலயா பின்னாலயாங்க டாக்டர்?" என்று கேட்பாளாம்.

"நான் டாக்டரில்லீங்க அம்மணி. நடிக்கறவனுங்க. அன்னிக்கு நான் சொன்னது பொய்யிங்க. என்னைய நாலு வார்த்தை திட்டிப்போடுங்க."

"செரிங்க டாக்டர். டீ ஆறுதுங்க" என்பாளாம்.

முப்பது வருஷம் யார் யாரோ சொன்ன ஆளாக இருந்தவன், நான் அந்த ஆள் இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வீட்டு வாசலுக்குப் போனான். அங்கே எடுபடவில்லை.

டாக்டர் வேஷத்தை விட்டான். டைரக்டரிடம் போய், "வேண்டாமுங்க" என்றிருக்கிறான். அவன் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டு அவர்களே நம்பவில்லையாம். ஏதோ கோபம் என்று நினைத்துச் சமாதானம் பேசினார்கள். இவன் அசையவில்லை. தொடரில் டாக்டர் வெளிநாடு போய்விட்டதாக ஒரு வசனம் வைத்து முடித்துக்கொண்டார்கள். அப்புறம் வேஷமே வரவில்லை. முடியாது என்று ஒரு தடவை சொன்ன ஆளை யார் கூப்பிடுவார்கள்? டப்பிங்கில் கும்பல் சத்தம் கொடுக்கிற வேலை மட்டும் மிச்சம். சண்டைக் காட்சியில் அடிபட்டவன் முனகுவது, ஆஸ்பத்திரிக் காட்சியில் இருமுவது, சாகிறவன் கடைசி மூச்சு. "இன்னிக்கு நாலு பேராச் செத்தனுங்க" என்பான். முன்னால் என்றால் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பான்.

இரண்டாவது தடவை போனில் கேட்டான். பார்க்கலாம் என்றேன். மூன்றாவது தடவை பவுண்டரி கேட்டுக்கு வந்து வெயிலில் நின்றான். உள்ளே வரச் சொல்லி ஆள் அனுப்பினேன், வரவில்லை. நானே எழுந்து போனேன். என் தோளைப் பிடித்தான். உள்ளங்கை காய்ந்துபோய்ச் சொரசொரவென்று இருந்தது.

"ஒரே ஒரு தடவை வாடா. நீ சொன்னா அவ நம்புவாடா."

இத்தனை வருஷம் கழித்து அந்த 'டா'. எனக்கு என்னமோ பண்ணியது. "நாளைக்குப் போலாம், காத்தால வாரேன்" என்றேன். மறுநாள் ராஜ்கோட்டில் ஒரு மெஷின் பார்க்கக் கிளம்பிவிட்டேன். அந்த மெஷின் அடுத்த மாசமும் அங்கேயேதான் இருந்திருக்கும். அதற்கப்புறம் அவன் என்னைக் கேட்கவேயில்லை. சரி, விட்டுவிட்டான் என்று எனக்கு ஒரு நிம்மதி.

போன வருஷம் அவனுக்கு இருமல் நிற்கவில்லை. அவன் பெண்டாட்டி முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளையும் கிடையாது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர், "நெஞ்சு வலி இருக்கிறதா?" என்று கேட்டார். "இல்லீங்க." "ராத்திரி தூக்கம் வருகிறதா?" "ஆமாங்க." ஒன்றும் உண்மையில்லை. படம் எடுத்துப் பார்த்தபோது நுரையீரல் இரண்டு பக்கமும் புற்று பரவியிருந்தது. "எத்தனை மாசமாப்பா வலி?" என்று வெளியே வந்து கேட்டேன். "அது கெடக்குதுங்க" என்றான். மறுபடியும் 'ங்க'.

மின்மயானத்துக்கு இருபது பேர்கூட வரவில்லை. சினிமாவிலிருந்து ஒருத்தர் மாலை கொண்டுவந்து வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார். தெருவில் போகிற ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கியோ பாத்த மொகமா இருக்குதுங்களே" என்றார். அதற்கு இந்தத் தடவை பதில் சொல்ல அவன் இல்லை.

ராசாமணி வந்திருந்தாள். கூட அவள் மகள். வளர்ந்து நர்சுக்குப் படிக்கிறாள். மகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

"மொதலாளி, அவரு டாக்டரில்லீன்னு எனக்குத் தெரியுமுங்க."

"எப்ப இருந்து அம்மணி?"

"எங்கூட்டுக்காரரு போன நாலாம் நாளே பக்கத்து ஊட்டு டிவீல பாத்துப்போட்டனுங்க."

"அப்பறம் அவன் வந்து வந்து சொல்லும்போது நீ ஏன்..."

அவள் மகள் நிற்கிற பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"டாக்டரு சொன்னதக் கேட்டு ஆட்டோவத் திருப்பி அனுப்புனேன்னா, அது தலையெழுத்துங்க. வேசங்கட்டறவரு சொன்னதக் கேட்டு அனுப்புனேன்னா, அது என்ற தப்புங்களே. அப்பனை ஏம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலீன்னு என்ற புள்ள கேட்டா நான் என்னங்க சொல்றது? அவரு வந்து சொல்றப்பெல்லாம் டீ வைக்க எந்திரிச்சுப் போயிருவனுங்க. ஒத்துக்க முடியலீங்க. பாவம், அந்த மனுசன் எத்தன நடை நடந்தாரு."

ஆட்டோவைப் போகச் சொன்னது அவள் இல்லை. நான். அவள் தலையாட்டினது அதற்கப்புறம். இத்தனை வருஷமாக அதை அவள் தன் கணக்கில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் அவளே கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கோணுமுங்க. அவரு கடேசியா வந்தப்பச் சொன்னாரு. 'மொதலாளிக்கும் தெரியாதுங்க, அவரையும் நாந்தான் டாக்டர்னு சொல்லி ஏமாத்தி வச்சிருந்தேன், அவரு மேல மனசுல எதும் வச்சுக்காதீங்க'ன்னாருங்க. உங்களையும் ஏமாத்திப்போட்டாருங்களா? நெசந்தானுங்களா?"

இரண்டு அடி தள்ளி அவன் கிடந்தான். மூங்கில்மேல், வாயைக் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்து. மில்லில் ஒரே கிண்ணத்தில் கூழ் குடித்தவன். நான் வருவேன் வருவேன் என்று பார்த்து, வரமாட்டேன் என்று தெரிந்தபிறகு, எனக்கு என்ன வேஷம் வேண்டும் என்று அவனே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன். எத்தனை ஆபீசர்களை நேருக்கு நேர் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் எனக்கு வந்தது ஒரே வார்த்தை. அது என் வார்த்தைகூட இல்லை.

"ஆமாங்க" என்றேன்.

ராசாமணி ஒரு கும்பிடு போட்டாள். என்னையா அவனையா என்று தெரியவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவனை உள்ளே தள்ளினார்கள். இரும்புக் கதவு இறங்கியது.

அந்த லைன் வீடு இன்னும் குளத்துப் பக்கம்தான் இருக்கிறது. என் வீட்டிலிருந்து காரில் ஐந்து நிமிஷம். நடந்தாலும் இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகாது. டிரைவர் வேண்டாம் என்று இரண்டு தடவை நானே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். குளக்கரை வரைக்கும் போனேன். இன்னும் அந்த வீட்டுக்குப் போகவில்லை.